நான்காம் மதகின்முன் நிறுத்தப்பட்ட சிறுமியின் பொருட்டு

நலம் பெருகுக, நீர் தன் எல்லையில் நிற்க.

ஏழு மதகுகளுக்கும் உரியவரும், பேரேரியின் காவலரும், பகைவர் முடிமேல் பாதம் வைத்தவர் என்று தம் கல்வெட்டுகளில், தம் கல்வெட்டுகளில் மட்டுமே, புகழப்படுபவருமாகிய ஏழ்மதகூர் வேந்தர் கோவிறலேறனார் திருமுன்புக்கும், அவருக்காக ஓலை எழுதும் முதலமைச்சர் நெடுங்கொற்றனார்க்கும், எழுந்து நின்று இதைக் கேட்கும் அவையோர் எல்லார்க்கும், உவர்க்கழியிலிருந்து உமரி விடுக்கும் ஓலை. உங்கள் ஏரி நிறைக. உங்கள் வயல் விளைக. உங்கள் கரை, நீங்கள் அதைப் பேணிய அளவுக்கு மேலாகவே நிற்க.

நேற்று முற்பகல் உங்கள் ஓலை பட்டு உறையில் வந்தது. அதில் என்னை உவர்க்கழி நாட்டுத் தனிமுதல்வி, அலைகடல் எல்லைக் காவலி, மறைவித்தைக்கு அரசி என்று தொடங்கி ஏழு பட்டங்களால் அழைத்திருந்தீர்கள். பத்து வயதில் என்னை எல்லைக்கல்லுக்கு அப்பால் விட்ட அன்று உங்கள் ஆட்கள் என்னை "அது" என்றார்கள். முப்பத்தொரு ஆண்டுகளில் "அது" என்ற நிலையிலிருந்து ஏழு பட்டங்கள் வரை உயர்ந்திருக்கிறேன். இடையில் நான் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. உங்கள் கரையில் பொள்ளல் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நாங்கள் வாழும் இந்தச் சேற்றை நாடு என்று முதலில் எழுதியவர்களும் நீங்களே. அதுவரை உங்கள் நிலப்படங்களில் இவ்விடத்தில் உப்பு என்று ஒரு சொல் மட்டும் இருந்தது.

ஓலையின் பொருள் இது. நான்காம் மதகின் அருகே கரை கசிகிறது. மழை நிற்கவில்லை. கழியிலிருந்து நீரை நிறுத்தும் வித்தை அறிந்த ஒருத்தியை உடனே அனுப்ப வேண்டும். அனுப்பினால் எனக்கு வெண்குடையும் பல்லக்கும் உண்டு. அனுப்பாவிட்டால், மதகுக் காவலன் வெண்மணியின் மகளான தாழை என்னும் ஒன்பது வயதுச் சிறுமியை மதகின்முன் நிறுத்துவீர்கள். அவள் கவிழ்த்த குடத்தில் நீர் சிந்தாமல் நிறுத்தியதைக் கண்டு சிறையில் வைத்திருக்கிறீர்கள். கரை பிழைத்தால், அதன்பின் வழக்கப்படி அவளை எல்லை கடத்துவீர்கள். இதை எழுதியபோதும் எழுத்து ஒவ்வொன்றும் முத்துப் போல இருந்தது.

பழையன மறந்து உதவுக என்றும் எழுதியிருந்தீர்கள். மறப்பதற்கு முதலில் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் ஒருபோதும் கேட்டதில்லை. ஆகவே இப்போது கேளுங்கள்.

ஒரு நாட்டின் முதல்வர் விடுக்கும் ஓலையை ஓர் ஏடும் விடாமல், ஒரு சொல்லும் மாற்றாமல் அவை முழுதும் கேட்க வாசித்தாக வேண்டும் என்பது உங்கள் வழக்கம். என்னை முதல்வி என்று எழுதியபோது நெடுங்கொற்றனார் இதை மறந்துவிட்டார் போலும். கழிப்பெண்ணின் குரல் பட்டால் செவி பாழ்படும் என்பதும் உங்கள் விதிதான். அஞ்ச வேண்டாம். இப்போது ஒலிப்பது உங்கள் ஓலைவாசகரின் குரல். மூன்று வேளை நீராடும் குரல். சிறுமிகள் பேசியதைப் பேசியபடியே எழுதியிருக்கிறேன். வாசகப் பெரியவர் திருத்தாமல் வாசிப்பாராக. வாய் கூசினால் இடையில் தண்ணீர் குடிக்கலாம்.

எல்லை கடத்துவதை அவையோரில் பலர் பார்த்ததில்லை. அன்று உங்களுக்கு எப்போதும் விருந்து இருக்கும். பித்தளைத் தாம்பாளத்தில் எங்களை நிறுத்திக் காலைக் கழுவுவார்கள். உங்கள் மண்ணில் ஒரு துகளும் எங்களோடு போய்விடக் கூடாதாம். காவலர்கள் இடுப்புச் சிமிழிலிருந்து தேன்மெழுகை எடுத்துச் செவியில் அடைத்துக்கொள்வார்கள். பிறகு பெயரைக் கல்லருகே விட்டுவிட்டுப் போ என்பார்கள். கழுவிய காலோடு கல்லைத் தாண்டிய நான் முதல் அடியிலேயே முழங்கால்வரை சேற்றில் போனேன். பின்னால் சிரித்தார்கள். செவியை அடைத்தவர்களுக்குச் சிரிப்பு மட்டும் எப்படி வந்தது என்று அன்று எனக்குப் புரியவில்லை.

என் கையைப் பிடித்து இழுத்தவள் பன்னிரண்டு வயதுப் பெண். பெயர் ஆவிரை.

"உனக்கு என்ன வித்தை?"

"காஞ்ச இலை பச்சையாகும்."

"எத்தனை இலை?"

"ஒண்ணு."

"ஒண்ணா! இதுக்கா ஊரே கூடித் துரத்துனாங்க? ஆட்டுக்குட்டிகூட இன்னொண்ணு கேக்குமேடி!"

வீட்டைப் பிரிந்த நாளில் நான் சிரித்தது அந்த ஒரு முறைதான். உமரிச் செடிகளுக்கு நடுவில் கண்டெடுத்ததால் எனக்கு உமரி என்று பெயர் வைத்தாள். அவளுடைய வித்தையும் பெரியதல்ல. ஒரு குடத்தைக் கவிழ்த்தால் நீர் கீழே விழாமல் நிற்கும். இரண்டு குடமானால் மூக்கில் இரத்தம் வரும். எங்களோடு இருந்த மூன்றாமவள் அலவி. என்னைவிட ஒரு வயது இளையவள். நண்டுகளின் பேச்சு அவளுக்குப் புரியும்.

"நண்டு என்னடி பேசும்?" என்று கேட்டேன்.

"நிறையப் பேசும். முக்காவாசி புளுகு. நேத்து ஒண்ணு, கடலே தன்னோடதுன்னு சொல்லுச்சு."

உங்கள் நாடு கண்டு நடுங்கிய படை இதுதான்: ஓர் இலை, ஒரு குடம், கொஞ்சம் நண்டுப் புளுகு.

எங்கள் மூவருக்கும் இருந்தது ஒரே போர்வை. நடுவில் படுப்பவளுக்குக் குளிராது. அதனால் நடுவிடத்துக்கு முறை வைத்தோம். ஆவிரை தன் முறை வரும்போதெல்லாம் வேர்க்கிறது என்று பொய் சொல்லி ஓரத்துக்குப் போய்விடுவாள். ஒரு முறை அலவியும் நானும் ஒரு மீன்தலைக்காகச் சண்டையிட்டுக் கொண்டு ஐந்து நாள் பேசவில்லை. ஆறாம் நாள் ஆவிரை எங்கள் இருவர் தலைக்கும் மேலே ஒரே குடத்து நீரை நிறுத்திவைத்து, "யார் முதல்ல பேசுறாளோ அவ தலையில விழாது" என்றாள். இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். இருவர் தலையிலும் விழுந்தது. நண்பர் என்ற சொல்லை உங்கள் அவையிலும் வழங்குகிறீர்கள். ஒரே பந்தியில் உண்டுவிட்டு ஒருவர்மேல் ஒருவர் ஒற்று வைப்பவர்களுக்கு அந்தப் பெயர் என்று அறிகிறேன். எங்கள் சேற்றில் அச்சொல்லுக்கு வேறு பொருள் இருந்தது.

நான் வந்த இரண்டாம் ஆண்டு, கார்த்திகை அடைமழையின் பத்தாம் நாள் காலையில், ஏரிக்கரைப் பக்கமிருந்து நண்டுகள் வரிசையாகக் கழிக்குள் வந்தன. வரிசைக்கு முடிவே தெரியவில்லை. அலவி குனிந்து கேட்டுவிட்டு முகம் வெளுத்துப் போனாள். நான்காம் மதகுக்கு இடப்பக்கம் கரை உள்ளே கூடாகிவிட்டது. வளைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. நீர் உள்ளே ஓடுகிறது என்றாள்.

"புளுகா இருக்கும்" என்றேன்.

"நண்டு பொய் சொல்லும். ஆனா பொய் சொல்றதுக்காக வீட்டைக் காலி பண்ணிட்டு வராது."

மூவரும் எல்லைக்கல்லுக்கு ஓடினோம். எங்களைத் துரத்திய ஊரைக் காக்க ஏன் ஓடினோம் என்று அவையில் யாருக்கேனும் தோன்றலாம். கீழ்த்தெருவில் ஆவிரையின் தம்பி இருந்தான். அலவியின் தாய் இருந்தாள். உங்களுக்காக ஓடவில்லை. அந்த மயக்கம் வேண்டாம்.

கல்லருகே காவலர் நால்வர் இருந்தனர். நாங்கள் வாய் திறந்ததும் நால்வரும் சிமிழைத் திறந்தார்கள். ஆவிரை கத்தினாள். அலவி அழுதாள். நான் கைகளால் கரையைக் காட்டி, உடைவதுபோல் காட்டி, நீர் வருவதுபோல் காட்டினேன்.

"ஆடுதுங்க பாருடா" என்றான் ஒருவன்.

"சின்னதுதான் நல்லா ஆடுது" என்றான் இன்னொருவன்.

என் தந்தை ஓலை எழுதுபவர். எனக்கு எழுத்துத் தெரியும். செவியை அடைத்தவர்களும் கண்ணை அடைக்கவில்லையே என்று ஒரு குச்சியை எடுத்து, கல்லின் இப்புறம், எங்கள் சேற்றில், பெரிய எழுத்தில் எழுதினேன்: நான்காம் மதகு இடப்பக்கம் கரை உள்ளே பொள்ளல். மூவருக்கு வாசிக்கத் தெரியவில்லை. நான்காமவர் இளைஞர், நல்ல குடியில் பிறந்தவர், வாசித்தார். அவர் உதடு அசைந்ததைப் பார்த்தேன். இரண்டாம் முறையும் வாசித்தார். பிறகு கல்லுக்கு இப்பால் காலை நீட்டி, என் எழுத்தைத் தேய்த்து அழித்துவிட்டு, சேறு படிந்த காலைத் தாம்பாளத்து நீரில் கழுவிக்கொண்டார்.

அந்த இளைஞர் இன்று உங்கள் முதலமைச்சர் நெடுங்கொற்றனார். உங்கள் பெயரால் எனக்கு ஏழு பட்டங்கள் எழுதியவர் அவரே. அவர் எழுத்து நன்றாக இருக்கிறது. வாசிக்கவும் நன்றாகத் தெரியும். அதற்கு நான் சாட்சி.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாணல் வழியே நாங்கள் உங்கள் மண்ணுக்குள் நுழைந்தோம். அதற்குத் தண்டனை மரணம் என்று அறிவோம். ஆவிரையும் நானும் மதகுக்குப் போனோம். அலவி கீழ்த்தெருக்களுக்குப் போனாள். அவளைக் கண்டதும் தெருவே செவியைப் பொத்திக்கொண்டது. அவளைப் பெற்ற தாயும் பொத்திக்கொண்டாள். அலவி தெருநடுவில் உட்கார்ந்து நண்டுகளைக் கூப்பிட்டாள். காலையில் வீட்டைக் காலி செய்து வந்த அத்தனை நண்டும் திரும்பி வந்தன. அடுப்புக்குள் போயின, தொட்டிலுக்குள் போயின, நெற்குதிருக்குள் போயின. சிறுமியின் சொல்லுக்கு அடைத்துக்கொண்ட செவிகள் நண்டுக் கொடுக்குக்குத் திறந்துகொண்டன. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் கோயில் மேட்டுக்கு ஓடினார்கள்.

கரையில் ஆவிரை மண்டியிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் மண்ணில் பதித்திருந்தாள். ஒரு குடத்துக்கு மேல் தாங்காதவள் ஓர் ஏரியைத் தாங்கினாள். மூக்கிலிருந்தும் செவியிலிருந்தும் இரத்தம் வந்தது. கரைமேல் நின்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றாள்.

"யாரு ஏறிட்டாங்க?"

"வலைஞர் தெரு ஏறிட்டாங்க."

"குயவர் தெரு?"

"ஏறுறாங்க. பானையைத் தூக்கிட்டு ஏறுறாங்க."

"பானை எதுக்குடி இப்ப! விட்டுட்டு ஓடச் சொல்லு!"

"சொன்னா கேக்க மாட்டாங்களே."

"ஆமால்ல" என்று சிரித்தாள். அந்த நிலையிலும் சிரித்தாள். "தறிக்காரங்க?"

"பாதிப் பேரு."

"மீதிப் பாதி ஏறுற வரைக்கும் பேசிட்டே இரு. நான் தூங்கிடுவேன் போல இருக்கு."

நான் பேசினேன். போர்வையைப் பற்றிப் பேசினேன், மீன்தலையைப் பற்றிப் பேசினேன், கடல் தன்னுடையது என்ற நண்டைப் பற்றிப் பேசினேன். கடைசித் தறிக்காரர் மேட்டில் ஏறியதும் சொன்னேன். அவள் தலையசைத்து, "நீ ஓடு" என்றாள். மாட்டேன் என்றேன். "உன் ஒத்தை இலையை வச்சு எதைடி அடைக்கப்போற? ஓடு!" என்று திட்டினாள். நான் ஓடினேன். மருத மரத்தில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது கரை இல்லை.

ஐந்து நாள் தேடினோம். கிடைக்கவில்லை.

அவ்வாண்டே உங்கள் தந்தையார் மதகடியில் ஒரு கல் நட்டார். அதன் வாசகம் எனக்கு மனப்பாடம்: மாயக்காரிகள் நண்டுகளை ஏவிக் கரை உடைத்தனர், தேவி அருளால் ஒருவரும் இறந்திலர். ஒருவரும் இறந்திலர். அதை வெட்டிய கல்தச்சனைக் குறை சொல்லமாட்டேன். எழுதிக் கொடுத்ததை வெட்டினான். அன்று முதல் ஆண்டுதோறும் நண்டு மிதிக்கும் விழா நடத்துகிறீர்கள். பட்டத்து அரசியார் பொற்சிலம்போடு வந்து முதல் நண்டை மிதிக்கிறார்களாம். ஊரைக் காத்தவற்றை மிதித்து ஊரைக் காத்துக்கொள்வதாக நம்பும் ஒரு நாட்டுக்குப் புத்தி சொல்ல நான் இந்த ஓலையை எழுதவில்லை. அந்தக் கல்லையும் திருத்தச் சொல்லமாட்டேன். அது அங்கேயே நிற்கட்டும். வருங்காலத்தவர் உங்களை அறிந்துகொள்ள அதைவிடச் சிறந்த கல் வேறில்லை.

இனி நீங்கள் வேண்டியதற்கு விடை.

நீரை நிறுத்தும் வித்தை அறிந்தவள் இப்போது கழியில் எவளும் இல்லை. இருந்த ஒருத்தியை நீங்கள் இறந்தவர் கணக்கில்கூடச் சேர்க்கவில்லை. நாங்கள் நாற்பத்து மூவர் இருக்கிறோம். ஒருத்தி பனியை உருண்டையாக்குவாள். ஒருத்தி நாரைகளைப் பெயர் சொல்லி அழைப்பாள். நான் இன்றும் ஓர் இலையைத்தான் பச்சையாக்குகிறேன்.

ஆனால் கரைக்கு வித்தை வேண்டியதே இல்லை. அன்றும் வேண்டியிருக்கவில்லை. அன்று காலையில் நான் எழுதியதை அழிக்காமல் ஊரைக் கூட்டியிருந்தால், உச்சிப்பொழுதுக்குள் களிமண்ணும் வைக்கோலும் போட்டு அடைத்திருக்கலாம். ஆவிரை இன்று நாற்பத்து மூன்று வயதில் என் பக்கத்தில் இருந்து, உங்களுக்கு இத்தனை மரியாதை எதற்கு என்று என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள். இப்போதும் நேரம் இருக்கிறது. நண்டுகளிடம் அலவி கேட்டறிந்த செய்தியை விலை பேசாமல் எழுதுகிறேன். விலை பேசுவது உங்கள் பழக்கம். மதகின் இடப்பக்கம், இறங்குபடிக்கும் மருத மரத்துக்கும் நடுவில், நீர்மட்டத்துக்கு இரண்டு முழம் கீழே பத்தொன்பது வளைகள் சேர்ந்திருக்கின்றன. உட்புறம் வெட்டிக் களிமண் மிதித்து அடைக்க வேண்டும். இருநூறு ஆள் ஒரு பகலில் செய்து முடிக்கும் வேலை. அரண்மனை வாயிலில் வேல் பிடித்துச் சும்மா நிற்பவர்களே அதற்குப் போதும்.

ஆகவே தாழை உங்களுக்குத் தேவையில்லை. உங்கள் ஓலை இங்கே வந்து சேர்வதற்கு முன்பே அவளைக் கொண்டுபோய் மதகின்முன் நிறுத்திவிட்டீர்கள் என்று நண்டுகள் சொல்கின்றன. வாயைத் துணியால் கட்டியிருக்கிறீர்களாம். அவள் பேசிவிடுவாள் என்ற அச்சம், அவள் செத்துவிடுவாள் என்ற அச்சத்தைவிடப் பெரிதாக இருக்கிறது உங்களுக்கு. ஒன்பது வயது உடல் எத்தனை நேரம் தாங்கும் என்று உங்கள் மருத்துவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இந்த ஓலையைக் கேட்ட பிறகும் அவளை அங்கே நிறுத்தினால், அது கரைக்காக அல்ல. வேறு எதுவும் செய்யத் தெரியாததால் செய்வது.

உங்கள் ஓலை அளித்த பட்டங்களின் உரிமையால் ஆணையிடுகிறேன். அப்பட்டங்களை ஏற்காதவர் இதை ஏழ்மதகூரின் குடிமகள் ஒருத்தியின் ஆணையாகக் கொள்க. தாழையைக் கரையிலிருந்து இப்போதே இறக்குக. வாய்க்கட்டை அவள் தந்தை வெண்மணியின் கையால் அவிழ்க்கச் செய்க. எல்லை கடத்தும் பேச்சை விடுக. தந்தையோடு இருப்பதா, எங்களோடு வருவதா என்பதை அவளிடமே கேட்டு, அவள் சொன்னபடி செய்க. அவள் காலைக் கழுவ எவரும் நெருங்க வேண்டாம்.

அலவி நீங்கலாக நாங்கள் நாற்பத்திருவரும் மண்வெட்டியோடும் கூடையோடும் எல்லைக்கல்லைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறோம். இவ்வோலை வாசிக்கப்படும்போது மதகருகே இருப்போம். சிறுமி கரையிலிருந்து இறங்கியதும் எங்கள் முதல் கூடைக் களிமண் விழும். உங்கள் காவலர் எங்களைத் தடுத்தாலும் தடுக்கட்டும், கரைதான் உடையும். கீழ்த்தெருக்களுக்கு நண்டுகள் காலையிலேயே புறப்பட்டுவிட்டன, அங்குள்ளவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். நான்காம் மதகுக்கு நேர் கீழே இருப்பது அரசரின் பூந்தோட்டமும் அதையடுத்து இந்த அவைக்களமும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். அரண்மனைக்கு நண்டுகளை அனுப்பவில்லை. பொற்சிலம்புக்கு அவை அஞ்சுகின்றன.

இவ்வோலைக்கு முத்திரையாக நாற்பத்து மூவரும் தம் பெயரைத் தம் கையால் கீறியிருக்கிறோம். எழுதத் தெரியாத ஒருத்தியும் எங்களில் இல்லை. கொண்டுவருபவள் அலவி. பட்டங்களுக்கும் பல்லக்குக்கும் அவளிடம் மறுமொழி சொல்லி அனுப்ப வேண்டாம். அந்தச் சிறுமி இன்று காலை ஏதாவது சாப்பிட்டாளா என்று அலவி கேட்பாள். செவியைத் திறந்து கேட்டு, அதற்கு மட்டும் வாயால் விடை சொல்லி அனுப்புக.

உவர்க்கழி,
உமரி எழுத்து.